மீன் தொட்டித் தண்ணீர்: மூக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

"தண்ணி நாறவே இல்லையே, அப்புறம் ஏன் மீன் செத்துச்சு?" மீன் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு நேர் எதிரான கேள்வியும் உண்டு: "மூடியத் திறந்தா மண் வாடை வருது, மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு புதுசா நிரப்பிடலாமா?" முதலாமவர் மூக்கை அளவுக்கு மீறி நம்பிவிட்டார். இரண்டாமவர் நல்ல சேதியைக் கெட்ட சேதியாக எடுத்துக்கொண்டு, நன்றாக ஓடும் தொட்டியைக் கெடுக்கப் பார்க்கிறார்.

மூக்கு நல்ல கருவிதான். ஆனால் அதற்கு எட்டுவது தண்ணீரை விட்டுக் காற்றில் ஏறியது மட்டுமே. ஒரு பொருள் மீனுக்கு எவ்வளவு நஞ்சு என்பது ஒரு கணக்கு. அது எவ்வளவு எளிதாகத் தண்ணீரை விட்டுக் கிளம்பும் என்பது வேறு கணக்கு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அமோனியாவை எடுத்துக்கொள்வோம். அது தண்ணீரை அவ்வளவு லேசில் விடாது. தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும்: நஞ்சான அமோனியா, அதிகம் பாதிக்காத அமோனியம். பிஹெச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7-இல், 25 டிகிரியில், மொத்தத்தில் 0.6 சதவீதம்தான் நஞ்சு வடிவம். பிஹெச் 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் 30 டிகிரிக்குப் போனால் 7 சதவீதத்துக்கும் மேல். நஞ்சு வடிவம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் இருந்தாலே செவுள் பாதிக்கத் தொடங்கும். அதாவது பிஹெச் 8 உள்ள தொட்டியில் டெஸ்ட் கிட் மொத்த அமோனியா 1 மில்லிகிராம் காட்டினாலே ஆபத்து.

சரி, மூக்குக்கு எப்போது தெரியும்? லிட்டருக்கு 1 மில்லிகிராம் நஞ்சு வடிவம் இருக்கும் தண்ணீரை ஒரு பாட்டிலில் போட்டு மூடி வைத்தால்கூட, மேலே இருக்கும் காற்றில் சுமார் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் சேரும். பெரும்பாலானவர்களின் மூக்குக்கு 5 பிபிஎம் வாக்கில்தான் அமோனியா உறைக்கும். அந்த அளவு வர, பிஹெச் 8 தண்ணீரில் மொத்த அமோனியா 90 மில்லிகிராமுக்கு ஏற வேண்டும். அதற்கு ரொம்ப முன்னாலேயே தொட்டியில் எல்லாம் முடிந்திருக்கும். "தொட்டியில அமோனியா நாத்தம்" என்று சொல்பவர்கள் உண்மையில் முகர்வது, அழுகும் புரதத்திலிருந்து கிளம்பும் வேறு சரக்குகளை. அமோனியாவைப் பாக்டீரியா மாற்றும்போது வரும் நைட்ரைட்டுக்கும் நைட்ரேட்டுக்கும் வாடையே கிடையாது. ஆக, ஒரு புதுத் தொட்டியின் முதல் ஆறு வாரத்தில் மீனைக் கொல்லும் இரண்டு முக்கியமான எமன்களும், அமோனியாவும் நைட்ரைட்டும், மூக்குக்குத் தெரியாமலேயே வந்து போகின்றன.

இதன் மிக மோசமான வடிவம் பழைய தொட்டியில் வரும். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல், ஆவியானதற்கு மட்டும் ஊற்றி வந்த தொட்டியில் தண்ணீரின் காரத்தன்மை தீர்ந்து பிஹெச் 6-க்கு இறங்கிவிடும். அங்கே அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நைட்ரிஃபையிங் பாக்டீரியாவும் சோம்பிவிடும். மொத்த அமோனியா 2 மில்லிகிராமுக்கு ஏறும். ஆனால் பிஹெச் 6-இல் நஞ்சு வடிவம் அதில் 0.06 சதவீதம்தான்; மீன் பாட்டுக்கு நீந்தும், வாடையும் இருக்காது. ஒருநாள் வீட்டுக்காரர் மனசு வைத்துப் பாதித் தண்ணீரை இறக்கி, பிஹெச் 8-ஐத் தொடும் போர் தண்ணீரை நிரப்புவார். பழைய தண்ணீரில் எதிர்த்து நிற்கக் காரமே மிச்சமில்லாததால் தொட்டியின் பிஹெச் 7.5-ஐத் தாண்டி எகிறும். அமோனியா பாதியாகக் குறைந்திருந்தாலும் நஞ்சு வடிவம் பத்து இருபது மடங்காகிவிடும். பிஹெச், சூடு, உப்புச்சத்து எல்லாம் ஒரே அடியாக மாறிய அதிர்ச்சியும் கூடச் சேர்ந்துகொள்ளும். சாயங்காலத்துக்குள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். "சுத்தமான தண்ணி மாத்தினேன், செத்துப் போச்சு" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இப்படிப்பட்ட தொட்டியில் ஒரு நாளைக்கு 10 சதவீதத்துக்கு மேல் மாற்றக் கூடாது. அதையும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

இப்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது கூமுட்டை நாற்றம். இது அமோனியாவுக்கு நேர் எதிர். தண்ணீரில் நிற்கவே பிடிக்காது, கிளம்பிவிடும். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நன்னீர் உயிர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம்தான். அந்த அளவு கரைந்த தண்ணீரைப் பாட்டிலில் மூடி வைத்தால் மேலே காற்றில் அரை பிபிஎம்முக்கு மேல் சேரும். மனித மூக்கோ நூறில் ஒரு பிபிஎம்மையே கண்டுபிடித்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் எந்த டெஸ்ட் கிட்டும் மூக்குக்குப் பக்கத்தில் வராது.

கூமுட்டை நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மூக்கை வைத்தே பிடிக்கலாம். மூடியைத் திறந்து மொத்தமாக முகர்வதில் பாதித் தகவல் வீணாகிறது. தனித்தனியாக முகர வேண்டும்: ஃபில்டரிலிருந்து தண்ணீர் விழும் இடம், ஃபில்டரின் ஸ்பான்ஜ், கல்லுக்கடியிலிருந்து சைஃபனில் இறக்கிய பக்கெட் தண்ணீர். தொட்டி சும்மா இருக்கிறது, பக்கெட் மட்டும் நாறுகிறது என்றால் குற்றவாளி அடித்தளம். ஃபில்டர் வாயில் நாறினால் ஃபில்டருக்குள் காற்றில்லாமல் அழுகல் நடக்கிறது.

மணலில் ஒரு குச்சியைச் செருகிப் பாருங்கள். மேலே வரும் குமிழியில் வாடை இல்லையென்றால் அது நைட்ரஜனோ கரியமில வாயுவோ மீத்தேனோ, அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். கண்ணாடியோரம் மணல் கறுத்திருப்பதை வைத்து மட்டும் பயப்படவும் வேண்டாம். அது இரும்பு சல்ஃபைடு, அங்கேயே கட்டுண்டு கிடக்கிறது. குமிழி கூமுட்டையாக நாறினால்தான் விஷயம். அப்போதும்கூட, மெல்ல மெல்லக் கசியும் சல்ஃபைடை ஆக்சிஜன் உள்ள தண்ணீர் சீக்கிரமே சிதைத்துவிடும். ஆபத்து திடீரென்று கிளறும்போதுதான்: பெரிய கல்லை நகர்த்துவது, ஒரு வருஷமாக வேர்விட்ட அமேசான் ஸ்வார்ட் செடியைப் பிடுங்குவது, "ஒரே மூச்சில் சுத்தம் பண்ணிடலாம்" என்று மொத்தக் கல்லையும் புரட்டுவது. நாறும் தளத்தை வாரத்துக்குக் கால்பாகம் வீதம் சைஃபன் செய்யுங்கள். வேலை நடக்கும்போது ஏர் பம்ப் முழு வேகத்தில் ஓடட்டும். இறக்கிய தண்ணீர் 30 சதவீதத்தைத் தொட்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடலாம். நைஸ் மணல் போடுவதாக இருந்தால் 3 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். செடி வைப்பவர்கள் 5 வரை போகலாம், வேர்கள் கொஞ்சம் ஆக்சிஜனைக் கீழே இறக்கும்.

கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்குக் கரண்ட் கட்டுதான் முதல் எதிரி. மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனைத் தின்றுவிட்டு மூச்சு முட்ட ஆரம்பிக்கும். அரை மணி, ஒரு மணி நேரம் என்றால் பரவாயில்லை. இரவு முழுக்கக் கரண்ட் இல்லாமல் இருந்து காலையில் வந்தால், ஃபில்டர் தானாக ஓடி உள்ளே இருந்த அழுகல் தண்ணீரை நேராகத் தொட்டிக்குள் தள்ளும். எனவே நீண்ட கட் என்றால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. கரண்ட் வந்ததும் டப்பாவைத் திறந்து முகருங்கள். மண் வாடையாக இருந்தால் அப்படியே மாட்டலாம். சாக்கடை வாடை அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீரை முழுக்கக் கொட்டி, மீடியாவை (உள்ளே இருக்கும் ஸ்பான்ஜ், கல் போன்றவற்றை) தொட்டித் தண்ணீரில் அலசி, அவுட்லெட் குழாயைப் பக்கெட்டில் விட்டு ஒரு நிமிஷம் ஓட்டிய பிறகுதான் தொட்டியில் விட வேண்டும். குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் அலசினால் மிச்சம் இருக்கும் பாக்டீரியாவும் போய்விடும்.

நல்ல தொட்டிக்கும் ஒரு வாடை உண்டு. கோடை மழையின் முதல் தூறலில் எழும் மண்வாசனை போல, லேசாக. இது ஜியோஸ்மின் என்ற பொருளின் வேலை, 1965-இல் பெயரிட்டார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்களும் சில நீலப்பச்சைப் பாசிகளும் இதைச் சுரக்கின்றன. லிட்டருக்கு 10 நானோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். அந்த அளவில் மீனுக்கு ஒன்றும் ஆகாது. குளத்து மீனில் சேற்று வாடை ஏறுவதும் இதே ஜியோஸ்மினால்தான். அமிலத்தில் அது சிதைந்துவிடும். குழம்பில் புளி தூக்கலாக விடுவதற்கு வேதியியலிலும் நியாயம் இருக்கிறது.

என்னைக் கேட்டால் வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான மூக்குச் சோதனை ஸ்பான்ஜைப் பிழிவதுதான். தொட்டித் தண்ணீர் அரைப் பக்கெட் எடுத்து, அதில் ஸ்பான்ஜ் ஃபில்டரை நாலு முறை பிழியுங்கள். காப்பிக் கலரில் கரைந்து, காட்டு மண் வாடை வந்தால் பாக்டீரியா நன்றாக இருக்கிறது. சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று வந்து வீச்சம் அடித்தால் தீனி அதிகம், அல்லது ஸ்பான்ஜ் அடைத்துக்கொண்டு நடுவில் தண்ணீர் போகவில்லை.

மண்வாசனை தூக்கலாகி, பூஞ்சை பிடித்த கோணி வாடையாக மாறினால் கண்ணாடியோரமும் கல்லின் மேலும் பாருங்கள். கரும்பச்சையில், விரலால் இழுத்தால் ஏடு ஏடாக உரிந்து வரும் படலம் இருக்கும். அது நீலப்பச்சைப் பாசி, சயனோபாக்டீரியா. கண்ணுக்குச் சாதாரணப் பாசி மாதிரி தெரிந்தாலும் உரித்து முகர்ந்தால் சந்தேகமே வராது. தண்ணீர் ஓட்டம் போகாத மூலை, வெயில் நேராக விழும் பக்கம், கல்லிடுக்கில் சேர்ந்த தீனி, இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். செடித் தொட்டியில் நைட்ரேட் சுத்தமாகத் தீர்ந்துபோனாலும் வரும். சைஃபனில் முடிந்தவரை உறிஞ்சி எடுத்து, மூன்று முழு நாள் கம்பளி போட்டு மூடி இருட்டாக்குங்கள். அந்த மூன்று நாளும் ஏர் பம்ப் நிற்கவே கூடாது, தீனி போட வேண்டாம். நாலாம் நாள் பாதித் தண்ணீரை மாற்றி, செத்த படலத்தை எடுத்துவிடுங்கள். ஓட்டத்தைச் சரிசெய்யாவிட்டால் ஒரு மாதத்தில் திரும்ப வரும். எரித்ரோமைசின் மாத்திரையைப் பொடித்துப் போடும் வழக்கம் உண்டு. படலம் போகும், ஃபில்டர் பாக்டீரியாவும் அடிவாங்கலாம். கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம், முதல் வழியாக அல்ல.

புளித்த மாவு வாடையும் தண்ணீரில் பால் கலந்தது போன்ற கலங்கலும் சேர்ந்து வந்தால் அது தீனி விவகாரம். இரண்டு நாள் பட்டினி போடுங்கள், மீனுக்கு ஒன்றும் ஆகாது. கால்பங்குத் தண்ணீர் மாற்றுங்கள், ஏர் பம்பைக் கூட்டுங்கள். கலங்கலைப் பார்த்துவிட்டு ஃபில்டரைக் கழுவினால் இன்னும் மோசமாகும். ஆஸ்கர், அரோவானா மீன்கள் வைத்திருப்பவர்கள் கோழித்துண்டு, மாட்டிதயம் போடுவதால் மேலே எண்ணெய்ப் படலம் கட்டி, கசாப்புக்கடை வாடை வரும். அந்தப் படலம் காற்று கரைவதையும் தடுக்கும். ஒரு செய்தித்தாளைத் தண்ணீர் மேல் விரித்து இழுத்தால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

அழுகல் கவிச்சி திடீரென்று வந்தால் முதலில் தலையை எண்ணுங்கள். 30 டிகிரித் தண்ணீரில் ஒரு சின்ன நியான் டெட்ரா மீன் ஒரே நாளில் கரைந்துபோகும். உடம்பு கிடைக்காது, வாடை மட்டும் கிடைக்கும். நத்தை இன்னும் மோசம். ஆப்பிள் நத்தை மிதந்தால் உயிரோடுதான் இருக்கிறதா என்று குழம்ப வேண்டாம், கையில் எடுத்து முகருங்கள். செத்த நத்தையின் நாற்றம் அறை முழுக்கப் பரவும். 20 லிட்டர் தொட்டியில் ஒரு பெரிய நத்தை செத்துக் கிடந்தால் அமோனியா ஏற ஒரு ராத்திரி போதும். நாறினால் உடனே வெளியே எடுத்துவிட்டுப் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும்.

குளோரின் விஷயத்தில் மூக்கு பாதிப் பயன்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. தண்ணீரில் குளோரின் வாடை 0.3 வாக்கில்தான் மூக்குக்குத் தட்டும். நன்னீர் உயிர்களுக்கான குறுகிய கால வரம்போ 0.019. எனவே வாடை அடித்தால் நிச்சயம் ஆபத்து. வாடை இல்லை என்றால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை. லாரித் தண்ணீர் என்றால் முகர்ந்து பார்க்கவே தேவையில்லை, குளோரின் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டருக்கு 1 கிராம் சோடியம் தயோசல்ஃபேட், கடையில் ஆன்டி குளோரின் என்று படிகமாகக் கிடைப்பது, சாதாரணக் குழாய்த் தண்ணீருக்குப் போதும். போர் தண்ணீரே கூமுட்டை வாடையோடு வந்தால் ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் ஓட்டினால் அது வெளியேறிவிடும்.

சந்தேகம் வந்தால் முறையாக முகர ஒரு வழி இருக்கிறது. அகன்ற வாய்க் கண்ணாடி பாட்டில் இரண்டு. ஊறுகாய் பாட்டில் கூடாது, மூடியில் ஏறிய வாடை ஏழு ஜென்மத்துக்கும் போகாது. சமையல் சோடா போட்டுக் கழுவுங்கள், பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம். ஒன்றில் 200 மில்லி தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் 200 மில்லி கேன் தண்ணீர். இரண்டையும் மூடி, கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் பத்து நிமிஷம் வையுங்கள். பத்து முறை குலுக்கி, முதலில் கேன் தண்ணீரையும் பிறகு தொட்டித் தண்ணீரையும் திறந்து ஒரே ஒரு குறுகிய மூச்சு. நீளமாக இழுத்தால் மூக்கு பழகிவிடும். காப்பி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். கையில் வெங்காய வாடை இருக்கக் கூடாது.

வாடை தெரிந்தால் தொட்டித் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே போங்கள்: 100 மில்லி எடுத்துக் கேன் தண்ணீரால் 200 ஆக்குங்கள், பிறகு 50, பிறகு 25. எந்த அளவோடு வாடை கடைசியாகத் தெரிகிறதோ, 200-ஐ அதால் வகுத்தால் ஒரு எண் வரும். 50 மில்லியில் நின்றால் 4. 25-இல் நின்றால் 8. ஆய்வகங்களும் குடிநீரின் வாடையை இதே நீர்த்தல் முறையில்தான் அளக்கின்றன, பெரும்பாலும் 60 டிகிரியில். ஒரு தடவை எடுத்த எண்ணுக்குப் பெரிய அர்த்தம் இல்லை. மாதாமாதம் குறித்துவைத்து, எப்போதும் 2-இல் நிற்கும் தொட்டி 8-க்குப் போனால் அப்போது தோண்டிப் பார்க்கலாம். தொட்டி இருக்கும் அறையிலேயே உட்கார்ந்திருப்பவரின் மூக்கு செல்லாது. வெளியே போய்விட்டு வந்தவரோ, வீட்டுக்கு வந்த விருந்தாளியோ முகரட்டும்.

ஃபில்டரில் கார்பன் இருந்தால் இந்தச் சோதனை எதற்கும் உதவாது. கார்பன் வாடையை வாங்கிக்கொள்ளும், அமோனியாவை விட்டுவிடும். கெட்ட தொட்டி நல்ல தொட்டியாக மணக்கும். மருந்து போட்ட பிறகு அதை எடுக்க நாலைந்து நாள் கார்பன் போடுவது சரி. மற்றபடி நிரந்தரமாக வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மூக்குக்குத் தெரியாத அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் கிட்தான் வழி. சாலிசிலேட் வகை அமோனியா கிட்டில், ஏபிஐ கம்பெனியுடையது என்றால், 5 மில்லி தண்ணீருக்கு இரண்டு பாட்டிலிலிருந்தும் எட்டெட்டுச் சொட்டு, குலுக்கி ஐந்து நிமிஷம். மஞ்சளாகவே நின்றால் நலம். பச்சை தட்டினால் பிஹெச்சையும் பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு தண்ணீர் மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

தொட்டியிலிருந்து வரும் வாடையை மட்டும் பார்த்தால் போதாது, தொட்டிக்குள் போகும் வாடையும் இருக்கிறது. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் அடிக்கிறது. கொசுவத்தி, லிக்விட் மெஷின், கரப்பான் ஸ்பிரே எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது பைரெத்ராய்டு வகைப் பூச்சி மருந்துகள். மனிதருக்கு லேசு, மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்கும்போதும், தெருவில் கொசுப்புகை அடிக்கும் வண்டி வரும்போதும் இதே கதைதான். பம்பை வேறு அறைக்கோ ஜன்னலோரமோ தள்ளி வைத்து, 4 மில்லிமீட்டர் டியூபை மட்டும் நீட்டித் தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். டியூப் நீளமானால் காற்று கொஞ்சம் குறையும், அதனால் ஒரு சைஸ் பெரிய பம்பாக வாங்கிக்கொள்வது நல்லது.